‘எதைத் தொடுறதுன்னே தெரியல’ – கடற்கரைப் பக்கச் சிறுதொழில்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கருவாட்டு வியாபாரி, சங்குக் கடைக்காரர், மெஸ் நடத்துபவர், போட் இன்ஜின் மெக்கானிக், பனை ஓலைப் பெட்டி முடையும் மகளிர் குழு என்று யாரிடம் பேசினாலும் இதே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம். வரித் தேதிகள் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களுக்கு உரியவை.

1. காலையில கடை திறந்ததுல இருந்து ஓடிக்கிட்டேதான் இருக்கேன். ராத்திரி பாத்தா முக்கியமானது ஒண்ணும் நடக்கல. எனக்கு சோம்பேறித்தனமா?

சோம்பேறி விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் நிற்க மாட்டார். சிறுதொழிலில் இரண்டு விதமான வேலை இருக்கிறது. ஒன்று தானாக வந்து நிற்பது: வாடிக்கையாளர், ஐஸ் லோடு, போன், கரண்ட் கட். இன்னொன்று நீங்களாகப் போய்த் தொட வேண்டியது: கணக்கு எழுதுவது, பாக்கி வசூலிப்பது, சரக்கு இருப்பு எண்ணுவது, உரிமம் புதுப்பிப்பது, விலையைத் திருத்துவது. முதல் வகை கூப்பாடு போடும். இரண்டாவது வகை கடைசித் தேதி வரை வாயே திறக்காது. நாள் முழுக்க முதல் வகையிலேயே ஓடினால் உடம்பு அலுத்துப் போகும், தொழில் இருந்த இடத்திலேயே கிடக்கும்.

முதலாளி, கேஷியர், கொள்முதல்காரர், குமாஸ்தா எல்லாம் ஒரே ஆளாக இருக்கும் கடையில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். இரண்டாவது வகை வேலைக்கென்று வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், குணத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

2. தலைக்குள்ள நூறு வேலை ஓடுது. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு 40 பக்க நோட்டு, ஒரு பேனா, முக்கால் மணி நேரம். செல்போனில் எழுத வேண்டாம், இரண்டு வரி எழுதுவதற்குள் யாராவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுவார்கள். தலைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். தராசு முத்திரை, மகள் பள்ளிக் கட்டணம், ஃப்ரீசர் கேஸ்கெட், சித்தப்பாவுக்குத் தர வேண்டிய 8,000, எதுவாக இருந்தாலும் சரி. எழுதும்போது வரிசைப்படுத்தக் கூடாது. ‘இது ஒரு வேலையா’ என்று விடவும் கூடாது.

வறண்டு போனதும் எழுந்து கடையை ஒரு சுற்று வாருங்கள். கல்லாப் பெட்டி, பில் கட்டு, சுவர்க் காலண்டர், பேங்க் மெசேஜ், வாட்ஸ்அப்பில் பதில் போடாமல் கிடப்பவை என்று ஒவ்வொன்றையும் பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து வரி சேரும். முதலில் வருவதெல்லாம் லேசான வேலைகள். உறுத்துகிற விஷயம் பெரும்பாலும் கடைசியில்தான் வெளியே வரும், அதனால் பாதியில் நோட்டை மூடிவிடாதீர்கள்.

முடியாத வேலை முடிந்த வேலையைவிட மனதில் அதிகம் நிற்கிறது என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-லேயே ஆய்வாக வெளியிட்டார். வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டம் போட்டாலே அந்த உறுத்தல் தணிகிறது என்று 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் காட்டினார்கள். நோட்டில் எழுதச் சொல்வது இதனால்தான்.

3. எழுதியாச்சு. இப்ப லிஸ்ட்டப் பாத்தா இன்னும் பயமா இருக்கு. எதை முதல்ல எடுக்கணும்?

முதலில் அடிக்க வேண்டியதை அடியுங்கள். போன வருடம் நினைத்து இப்போது தேவைப்படாதவை சில இருக்கும். மிச்சத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் ஓர் எழுத்து போடுங்கள். தள்ளினால் அபராதம், வட்டி, சரக்குச் சேதம் வரும் என்றால் ‘த’. செய்தால் கைக்குப் பணம் வரும் என்றால் ‘வ’. வேறொருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார் என்றால் ‘ஆ’. மூன்றிலும் சேராததற்கு எழுத்து வேண்டாம், இந்த மாதம் அதைத் தொடவும் வேண்டாம். நாளைக்கு மூன்றே வேலை: ஒரு ‘த’, ஒரு ‘வ’, ஒரு ‘ஆ’. மூன்றும் முடிந்தால் நாலாவது எடுக்கலாம், நாலாவதை முந்தின நாளே எழுதி வைக்கக் கூடாது.

‘த’ போடும்போது குத்துமதிப்பாகப் பயப்படாமல் தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணத்துக்கு ஜிஎஸ்டிஆர்-3பி (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்ன் என்றால் நாளுக்கு 20. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருப்பவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000-க்கு மேல் தாமதக் கட்டணம் போகாது, நில் என்றால் 500. கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி தனி. நில் ரிட்டர்னை 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடித்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. அதைப் போய் மாதக்கணக்கில் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேதிகளும் கைவசம் இருக்கட்டும். மாதாந்திர ரிட்டர்ன் போடுபவருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்) மறு மாதம் 11, 3பி 20. காலாண்டு முறையில் இருப்பவருக்கு 13, 22. அதிலும் காலாண்டின் முதல் இரண்டு மாதத்து வரியை அடுத்த மாதம் 25-க்குள் கட்ட வேண்டும். காம்போசிஷன்காரருக்கு (விற்றுமுதலில் நிலையான சதவீதம் மட்டும் வரி கட்டும் சிறு வியாபாரி) காலாண்டு முடிந்த மறு மாதம் 18. இதில் உங்களுக்கு உரியதை மட்டும் காலண்டரில் சிவப்பில் வட்டமிடுங்கள்.

4. ‘கணக்கு முடிக்கணும்’னு மூணு மாசமா நோட்டுல எழுதி எழுதி வைக்கிறேன். கை போக மாட்டேங்குது.

‘கணக்கு முடிக்கணும்’ என்பது பத்து வேலைக்குச் சேர்த்து வைத்த தலைப்பு. அதைப் பார்த்தால் கைக்கு எங்கே போவதென்று தெரியாது. கை செய்யக்கூடிய முதல் அசைவை எழுதுங்கள்: ‘பில் இருக்கும் கேரி பேக்கைப் பாயில் கொட்டு.’ அவ்வளவுதான் இன்றைய வேலை.

அடுத்தவை இப்படிப் போகும். கொட்டியதை மாதவாரியாகக் குவியல் போடுங்கள், தேதி தெரியாதவை ஒரு தனிக் குவியல். மிஷினில் அடிக்கிற வழவழப்பான பில்களை முதலில் போட்டோ எடுங்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள், வெயிலிலும் உப்புக்காற்றுப் புழுக்கத்திலும் சில மாதத்தில் எழுத்தே மங்கிவிடும். டீசல் பங்க், ஏடிஎம் சீட்டுகள் எல்லாம் இந்த வகை. பிறகு ஒரே ஒரு மாதத்துக் குவியலை எடுத்து கொள்முதல், விற்பனை, செலவு என மூன்றாகப் பிரியுங்கள். பேங்க் செயலியில் அந்த மாத ஸ்டேட்மென்ட்டை இறக்கி ஒவ்வொரு வரவு செலவுக்கும் டிக் அடியுங்கள். டிக் விழாததை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். அதிகம் சிக்குவது ஜிபேயில் போட்ட சின்னச் சின்னத் தொகைகளும் வீட்டுச் செலவும்தான். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே அக்கவுன்ட் என்றால், வீட்டுக்கு எடுத்ததை ‘சொந்த எடுப்பு’ என்று ஒரே வரியாகப் போட்டுவிடுங்கள், காய்கறிக்கு எவ்வளவு, பெட்ரோலுக்கு எவ்வளவு என்று தோண்ட வேண்டாம்.

25 நிமிடம் அலாரம் வைத்து ஒரு படி, 5 நிமிடம் ஓய்வு. ஃபிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் வகுத்த பொமொடோரோ முறை இது, கணக்கு வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பழைய மாதத்திலிருந்து தொடங்காமல் போன மாதத்திலிருந்து தொடங்குங்கள். நினைவு பச்சையாக இருப்பதால் அது சீக்கிரம் முடியும், முடிந்தால் அடுத்ததற்குத் தைரியம் வரும்.

5. நேரமே இல்லையேண்ணே. கடையை விட்டு நகர முடியாது.

‘தினமும் காலை 5 மணிக்கு எழுந்து…’ என்று தொடங்கும் ஆலோசனைகள் இந்தக் கரைக்கு ஒத்துவராது. பலருக்கு 5 மணிக்குத்தான் ஏலமே நடக்கும். இங்கே வேலை ஒரே சீராக வருவதில்லை, ஒன்று பொங்கி வரும், இல்லை வற்றிக் கிடக்கும். வற்றும் நேரத்தைக் கண்டுபிடித்துக் கட்டிப்போடுவதுதான் காரியம்.

மீன் சார்ந்த தொழில் என்றால் விசைப்படகுகள் கரைக்கு வராத நாள். ராமேசுவரத்துச் சங்குக் கடைக்குக் கோயில் நடை சாத்தும் மதிய நேரம். கீழக்கரையில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அடைத்த கடையை மறுபடி திறப்பதற்கு முன் அரை மணி நேரம். ஆண்டு அளவிலும் அப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். ஐஸ், வலை, இன்ஜின், மீன் வியாபாரத்துக்கு அது ஓய்வு. ஆனால் அதே நாட்கள் பள்ளி விடுமுறை என்பதால் லாட்ஜ், மெஸ், சிப்பிப் பொருள் கடைக்கு அதுதான் உச்ச வியாபாரம். பக்கத்துக் கடைக்காரரின் அட்டவணையை நீங்கள் பின்பற்ற முடியாது.

எனவே 12 மாதத்தை ஒரே தாளில் வரைந்து, உங்கள் தொழில் பொங்கும் வாரங்களைச் சிவப்பிலும் வற்றும் வாரங்களைப் பச்சையிலும் தீட்டுங்கள். இருப்புக் கணக்கு, மிஷின் சர்வீஸ், உரிமப் புதுப்பிப்பு, விலைப் பட்டியல், வாடகை ஒப்பந்தம் இவையெல்லாம் பச்சையில் மட்டும். கருவாட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட முடியாது என்பதால் அது பச்சை போலத் தோன்றும், ஆனால் இருக்கும் சரக்கில் ஈரம் ஏறாமல் பார்ப்பதே அப்போது முழு வேலை. அதை மஞ்சள் என்று வையுங்கள்.

6. ஆடி அமாவாசை வாரத்துல எல்லாம் ஒண்ணா வந்து மோதுது. அப்ப என்ன பண்றது?

அந்த வாரத்தில் எந்த ஏற்பாடும் செய்ய முடியாது, மூன்று வாரம் முன்னாலேயே செய்ய வேண்டும். 21 நாள் முன்: சரக்கு ஆர்டர், கூடுதல் ஆளிடம் பேசி முன்பணம். 10 நாள் முன்: சில்லறை, பை, பில் ரோல், கியூஆர் அட்டையின் இன்னொரு பிரதி. 3 நாள் முன்: கேஸ் சிலிண்டர், தண்ணீர், இன்வெர்ட்டர். கூட்டத்தில் டவர் திணறும், யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும், அதனால் 10, 20 ரூபாய்த் தாள்கள் கட்டாகக் கையில் இருக்கட்டும்.

ஆடி அமாவாசை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் எங்கேயாவது விழும். அது 18, 20, 22 தேதிகளுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று ஆனி மாதமே பார்த்து, வந்தால் ரிட்டர்னை முந்தின வாரமே போட்டுவிடுங்கள். தை அமாவாசை, மகாளய அமாவாசைக்கும் இதே கணக்கு. அந்த நாட்களில் புது லிஸ்ட் எழுத வேண்டாம், 2-ஆம் கேள்வி நோட்டு மூடியே கிடக்கட்டும்.

7. கடன்காரங்க போன் வந்தா எடுக்கவே கை நடுங்குது. எடுக்காம விட்டா ரெண்டு நாள் நிம்மதியா இருக்கு.

அந்த இரண்டு நாள் நிம்மதிதான் பழக்கத்தை வளர்க்கிறது. பட்டியலில் மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் வரிகளைப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பார்: கடன் கொடுத்தவர், ஆடிட்டர், பேங்க் மேனேஜர், பாக்கி வைத்த மச்சான். வேலை கடினமாக இருந்து அது நிற்கவில்லை, அந்த ஆளை எதிர்கொள்ள மனம் வராமல் நிற்கிறது. நேர மேலாண்மை வித்தை எதுவும் இதற்குப் பயன்படாது.

முதலில் ஒரு தாள்: யாருக்கு, அசல் எவ்வளவு, வட்டி என்ன, கடைசியாக எப்போது கொடுத்தது, என்ன வாக்குக் கொடுத்தோம். பிறகு வரிசை. காசோலை கொடுத்திருந்தால் அது முதலில். காசோலை திரும்பினால், பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்பலாம், நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் குற்ற வழக்கே போடலாம். அடுத்து ஏலத் தேதி வந்துவிட்ட நகைக் கடன். அடுத்து பேங்க் தவணை, 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அதற்கடுத்துச் சரக்குக் கொடுத்தவர், கடைசியில் உறவினர். நடைமுறையில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், வாசலில் வந்து சத்தம் போடுகிறவருக்கே முதலில் போகிறது.

அவர் கூப்பிடும் முன் நீங்கள் கூப்பிடுங்கள். காலை 10, 11 மணி வாக்கில், கடையில் ஆள் இல்லாதபோது. தொகை, தேதி, முறை மூன்றும் வாயில் வர வேண்டும்: “அண்ணே, உங்களுக்கு 42,000 நிக்குது. மொத்தமா இப்ப முடியாது. வர்ற 5-ஆம் தேதி 6,000 போட்டுடுறேன். மிச்சத்தை வாரம் 3,000 வீதம் சனிக்கிழமை சனிக்கிழமை, பன்னெண்டு வாரத்துல முடிச்சிடுறேன். ஒரு வாரம் இழுத்தா நானே முந்தின நாள் போன் பண்ணிச் சொல்லிடுறேன்.” வாரம் 5,000 தர முடியும் என்று தோன்றினாலும் 3,000 என்றே சொல்லுங்கள். சொன்ன தொகையை இரண்டாம் வாரமே தவறவிட்டால் இந்தப் பேச்சு பேசாமலே இருந்திருக்கலாம்.

8. எனக்கு வரவேண்டிய பாக்கியைக் கேக்கவும் கூச்சமா இருக்கே? எல்லாம் மாமன், மச்சான், காக்காமாருங்க.

ஆளைப் பார்த்துக் கேட்பதால்தான் கூச்சம். தேதியைக் கேட்க வையுங்கள். ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி, 500 ரூபாய் பாக்கி உள்ளவருக்கும் 50,000 உள்ளவருக்கும் ஒரே மாதிரி செய்தி: “காக்கா, அஸ்ஸலாமு அலைக்கும். இந்த மாசம் 1-ஆம் தேதி வரைக்கும் உங்க கணக்குல 7,350 இருக்கு. பாதியா அனுப்பினாலும் வரவு வச்சிடுறேன்.” எல்லோருக்கும் போகிறது என்று தெரிந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாதி தரலாம் என்ற வார்த்தையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், முழுத் தொகை இல்லாததாலேயே பதில் போடாமல் இருப்பவர்கள் நிறைய.

கடன் நோட்டில் பழைய பாக்கி பாதி குறையும் வரை புதுக் கடன் இல்லை என்று ஒரு வழக்கம் வையுங்கள். பெரிய தொகை என்றால் இன்னொன்றும் உண்டு: பணம் வசூலிக்க வழக்குப் போடும் காலம் பொதுவாக 3 ஆண்டு. அந்தக் காலம் முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி உள்ளது’ என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆண்டுக்கொரு முறை கணக்குப் பார்த்துக் கையெழுத்து வாங்கும் பழைய வியாபாரிகளின் வழக்கத்தில் இந்த விவரம் இருக்கிறது.

9. காலையில லிஸ்ட் போடுறேன், பத்து மணிக்கெல்லாம் குலைஞ்சிடுது. வர்றவங்க போறவங்க விடுறதில்ல.

3-இல் சொன்ன மூன்று வேலையில் ஒன்றைக் கடை திறக்கும் முன்பே முடியுங்கள். மற்ற இரண்டையும் மணிக்கு மாட்டாமல், கட்டாயம் நடக்கும் ஒரு காரியத்துக்குப் பின்னால் மாட்டுங்கள்: ‘ஐஸ் லோடு இறக்கியதும் உட்காரும் முன் இரண்டு பாக்கிக்காரருக்குப் போன்’, ‘மதியச் சாப்பாட்டுக் கை கழுவியதும் 25 நிமிடம் பில்’. ‘இது நடந்தால் அது செய்வேன்’ என்று வகுத்த திட்டங்கள் வெறும் தீர்மானத்தைவிட அதிகம் நிறைவேறுகின்றன என்று பீட்டர் கோல்விட்சர் 1999-ல் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். ஐஸ் வண்டி 9 மணிக்கு வரலாம், 11-க்கும் வரலாம் என்ற ஊரில் இது கடிகாரத்தைவிட நன்றாக வேலை செய்யும்.

இடையில் வரும் புது வேலையைப் பில் புத்தகத்தின் பின்னால் ஒரு வரி கிறுக்கிவைத்து, இரவு நோட்டுக்கு மாற்றுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று யாரையும் அனுப்பாதீர்கள், திரும்பத் திரும்ப வருவார். ‘வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க’ என்றால் ஒரு முறைதான் வருவார்.

10. செல்லுதான் என் கடை. ஆர்டர் பாக்க எடுத்தா ரீல்ஸ்ல ஒரு மணி நேரம் போயிடுது.

ஆர்டருக்குப் பழைய போன் ஒன்று, தனி சிம், வாட்ஸ்அப் பிசினஸ் மட்டும். வேறு எந்தச் செயலியும் அதில் வேண்டாம். ‘புது ஆர்டர்’, ‘பணம் வரணும்’, ‘அனுப்பியாச்சு’ என மூன்று லேபிள் போதும். சொந்தப் போன் கல்லாவுக்குள் இருக்கட்டும்.

11. ஆள் வச்சு வேலையைக் குடுத்தா, அவன் பண்ணதைச் சரிபண்ணவே நேரம் போகுது. நானே செஞ்சிடலாம்னு தோணுது.

பெரும்பாலும் வேலையைச் சொல்லியிருப்போம், அளவைச் சொல்லியிருக்க மாட்டோம். ‘கருவாட்டைப் பேக் பண்ணு’ என்றால் அவருக்குத் தெரிந்தபடிதான் செய்வார். இப்படிச் சொல்ல வேண்டும்: வெயிலில் எடுத்ததும் பையில் போடாதே, நிழலில் பரப்பி, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிடு. சூட்டோடு சீல் வைத்தால் பைக்குள் வியர்த்து, சில நாளில் பூசணம் பூக்கும். காலிப் பையைத் தராசில் வைத்து சைபர் ஆக்கு, அப்புறம் 200 கிராம். சீல் போட்டதும் இரண்டு கையாலும் அமுக்கிப் பார், காற்று போனால் திரும்பச் சீல். லேபிளில் பேக் செய்த தேதி எழுதாத பாக்கெட் வெளியே போகக் கூடாது.

இதை ஒரு அட்டையில் எழுதி, சரியான பாக்கெட் ஒன்றையும் தப்பான பாக்கெட் ஒன்றையும் பக்கத்தில் ஆணியில் மாட்டுங்கள். மூன்று முறை உங்கள் கண் முன்னால் செய்யட்டும். பிறகு பத்துக்கு ஒன்று மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரு வேலையை ஒருவரிடம் முழுதாகக் கொடுக்க வேண்டும். பாதி அவர், பாதி நீங்கள் என்றால் தப்புக்கு இருவருமே பொறுப்பேற்க மாட்டீர்கள்.

12. வீட்டு வேலை, பிள்ளைங்க, அதுக்கு மேல ஓலைப் பெட்டி ஆர்டர். எனக்கு ‘வற்றும் நேரம்’னு ஒண்ணு கிடையாதே?

5-ஆம் கேள்வியின் பதில் வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களுக்கு அப்படியே பொருந்தாது, உண்மைதான். வீட்டு வேலையின் இடைவெளியில் முடைந்தால் ஒரு பெட்டி மூன்று நாள் இழுக்கும். ஓலை காய்ந்து மொடமொடத்துப் போய், திரும்ப நனைத்துப் பதப்படுத்த வேறு வேண்டியிருக்கும். நாளில் ஒரே தொடர்ச்சியாக இரண்டு மணி நேரம், அதே இடம். அந்த நேரத்துக்கு ஒரு வீட்டு வேலையை (உதாரணமாகத் தண்ணீர் பிடிப்பதை) வீட்டில் இன்னொருவருக்கு 11-இல் சொன்ன மாதிரி முழுதாகக் கைமாற்றுங்கள். ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

ஆர்டர் எடுக்கும்போது உங்கள் வாரக் கொள்ளளவைத் தெரிந்து சொல்லுங்கள். வாரம் 8 பெட்டி முடியுமென்றால் 6-க்கு மட்டும் தேதி கொடுங்கள். காய்ச்சலும் கல்யாணமும் மிச்ச இரண்டைத் தின்றுவிடும்.

13. எல்லாத்தையும் ஒரே தடவையா நல்லா பண்ணலாம்னு நினைச்சே தள்ளிப் போயிடுது. போட்டோ, பேக்கிங், ஆன்லைன் கடை எல்லாம்.

பத்துப் பொருள், வெள்ளை வேட்டி ஒன்று பின்னணிக்கு, காலை 8 மணி வெளிச்சம், பொருளுக்கு மூன்று போட்டோ, பக்கத்தில் ஓர் அளவுகோல். இன்றைக்கே வாட்ஸ்அப் கேட்லாகில் ஏற்றிவிடலாம். வாடிக்கையாளர் கேட்கிற முதல் ஐந்து கேள்விதான் அடுத்து எதைத் திருத்துவது என்று சொல்லும். அதற்கு முன் லோகோவுக்குச் செலவழிப்பது, வெளிப்படையாகச் சொன்னால், தள்ளிப்போடுவதிலேயே இன்னொரு வகை.

14. ஆறு மாசமா ரிட்டர்ன் போடல. ஆடிட்டர் முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு. அப்படியே விட்டா என்ன ஆகும்?

அப்படியே விட முடியாது. மாதாந்திரக்காரர் தொடர்ந்து 6 மாதம், காலாண்டுக்காரர் தொடர்ந்து இரண்டு காலாண்டு போடாவிட்டால் ஜிஎஸ்டி பதிவையே ரத்து செய்யலாம். ரத்தானால் திரும்பப் பெற 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 180 நாள் வரை நீட்டிப்புக் கிடைக்கலாம். உரிய தேதியிலிருந்து 3 ஆண்டு தாண்டிய ரிட்டர்னை ஜிஎஸ்டி போர்டல் (இணையதளம்) ஏற்பதே இல்லை. நடுவில் ‘15 நாளுக்குள் தாக்கல் செய்யவும்’ என்ற நோட்டீஸ் வந்திருக்கலாம், பதிவு செய்த மின்னஞ்சலையும் போர்டலையும் திறந்து பாருங்கள். பலர் மின்னஞ்சலை பிரவுசிங் சென்டர்காரர் பெயரில் கொடுத்துவிட்டு எதுவும் வரவில்லை என்று இருக்கிறார்கள்.

பில் கணக்கைப் போல இல்லாமல், ரிட்டர்னைப் பழையதிலிருந்துதான் தொடங்க முடியும், முந்தின மாதத்து 3பி போடாமல் அடுத்ததைப் போர்டல் விடாது. தாமதக் கட்டணத்தை அதுவே கணக்கிட்டுச் சேர்க்கும், உச்சவரம்பு 3-ஆம் பதிலில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், பயந்ததைவிடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. ஆடிட்டரிடம் போகும்போது மாதவாரியாகக் கட்டிய பில், பேங்க் ஸ்டேட்மென்ட், போர்டல் பயனர் பெயர் மூன்றும் கையில் இருக்கட்டும். “சார், ஆறு மாசம் நிக்குது, எல்லாம் கொண்டு வந்துட்டேன், எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வெறுங்கையோடு வருபவரைத்தான் திட்டுவார்.

15. வேலையைக் குறைக்கணும்னு புரியுது. ஆனா எதை விட்டாலும் வருமானம் போயிடுமே?

ஒவ்வொரு வரவையும் மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். கருவாட்டுக்காரர் ஒருவர் வாரம் 20 ஆன்லைன் பார்சல் அனுப்புகிறார், பார்சலுக்கு 60 ரூபாய் நிற்கிறது, மொத்தம் 1,200. எடை, பேக்கிங், முகவரி, கூரியர் ஆபீஸ் எல்லாம் சேர்த்து 6 மணி நேரம். மணிக்கு 200. அவரே பரமக்குடிக்கு மொத்தமாக அனுப்புவதில் 900 நிற்கிறது, 2 மணி நேரம், மணிக்கு 450. பார்சல் பெரிதாகத் தெரிந்தாலும் ஆளைத் தின்பது அதுதான். உடனே நிறுத்த வேண்டாம். பார்சலுக்குக் கூடுதலாக 40 ரூபாய் வையுங்கள், அனுப்பும் நாளை வாரத்தில் இரண்டாகச் சுருக்குங்கள், அரை கிலோவுக்குக் கீழ் ஆர்டர் எடுக்காதீர்கள். அதன் பிறகும் மணிக்கு 300 தாண்டாவிட்டால் விட்டுவிடலாம்.

பணத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் கூடாது. மொத்த வியாபாரத்தில் பணம் 40 நாள் கழித்து வருகிறது, பார்சலில் முன்பணம் என்றால், கைச் செலவுக்குப் பார்சலே தாங்குகிறது என்று அர்த்தம். இந்த நிலையில் அதை விட்டால் 7-ஆம் கேள்விக்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

16. தூக்கம் வரல, எதுலயும் பிடிப்பில்ல, கடை திறக்கவே மனசு வரல. இதுக்கும் லிஸ்ட் போட்டா சரியாயிடுமா?

ஆகாது. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் இப்படியே இருந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரைகூட இப்படி ஆளைச் சாய்க்கும். மனச்சோர்வு என்றால் அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.

கடையில் அதுவரை இரண்டே வேலை: கெடும் சரக்கைக் கெடாமல் பார்ப்பது, ‘த’ போட்ட வரிகளை ஒரு நம்பிக்கையான ஆளிடம் கொடுப்பது. மற்றது கிடக்கட்டும்.

17. ஒரு மாசம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் நோட்டைத் தொடவே இல்ல. திரும்ப முதல்ல இருந்தா?

முதலிலிருந்து வேண்டாம். விட்ட நாட்களை நிரப்பவும் வேண்டாம். நோட்டில் கடைசியாக எழுதிய தேதியைப் பாருங்கள். அது பெரும்பாலும் ஒரு கல்யாண வாரமாகவோ, சந்தனக்கூடாகவோ, காய்ச்சலாகவோ, புயல் கொடி ஏற்றிய நாளாகவோ இருக்கும். கல்யாணம், திருவிழா என்றால் அதை 12 மாதத் தாளில் சிவப்பாகத் தீட்டுங்கள், அடுத்த முறை அந்த வாரத்துக்கு எதுவும் எழுதாமல் விடலாம்.

பிறகு புதுப் பக்கத்தில் ‘த’ வரிகளை மட்டும் எடுத்து எழுதுங்கள், பதினைந்து நிமிட வேலை. நாளைக்கு மூன்று வேண்டாம், ஒன்று போதும். மூன்று நாள் ஒன்று ஒன்றாக முடிந்த பிறகு மூன்றுக்கு ஏறலாம். பழைய பக்கங்களில் நான்கு மாதமாக நகராமல் ஏதாவது வரி இருந்தால் அதன் பக்கத்தில் ஓர் ஆளின் பெயரை எழுதிப் பாருங்கள். பெயர் வந்தால் 7-ஆம் பதிலுக்குப் போங்கள். பெயர் எதுவும் வரவில்லை என்றால் அடித்துவிடுங்கள்.